பையை விட்டு நழுவிய லென்ஸ்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் சிலருக்கு விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணில் தெறித்தன. உள்ளே தங்கிய சில்லுகள் கண்ணை உறுத்தாமல் சும்மா கிடப்பதைக் கவனித்தார் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி. 1949 நவம்பர் 29 அன்று, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே வகை பிளாஸ்டிக்கில் ரேய்னர் நிறுவனம் செய்துகொடுத்த லென்ஸை ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார். கண்புரை எடுத்தவர்களுக்கு சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி என்றிருந்த காலம். ஆனாலும் சக மருத்துவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள்.

அந்த எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று நான் ஒதுக்கமாட்டேன். 1950களில் லென்ஸை, கண்பாவையைச் சுற்றிய நிறத்திரையான ஐரிஸுக்கு முன்னால் பொருத்திப் பார்த்தபோது பல கண்கள் பாழாயின. 1978இல் எல்லிங்சன் என்ற மருத்துவர், ஒருவகை முன்னறை லென்ஸ் வைத்தவர்களுக்கு அழற்சி, ரத்தக்கசிவு, கண் அழுத்த நோயான கிளாக்கோமா மூன்றும் சேர்ந்து வருவதை எழுதினார். அதுவே யு.ஜி.எச். சிண்ட்ரோம். பிறகு லென்ஸ் தன் சரியான வீட்டுக்கு வந்தது: புரையை எடுத்தபின் மிஞ்சும் மெல்லிய பை. 1992 முதல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் லென்ஸைக் குறைந்த செலவில் செய்யத் தொடங்கியதும் ஏழைகளின் கண்ணுக்கும் எட்டியது.

இன்றைய லென்ஸின் நடுவட்டம் சுமார் 6 மில்லிமீட்டர். இருபுறமும் வளைந்த கைகள். ஒரே துண்டாகச் செய்த மிருதுவான அக்ரிலிக் லென்ஸின் கை சற்றுத் தடிமனாக, சதுர விளிம்போடு இருக்கும். பைக்குள் அது சாது. பை கிழிந்தோ, வைக்கும்போது தவறியோ ஒரு கை வெளியே தங்கிவிட்டால், கண்பாவை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் ஐரிஸின் முதுகை உரசும். உதிரும் நிறத்துகளும் கசியும் ரத்தமும் கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் சல்லடையை அடைக்க, அழுத்தம் ஏறும்.

இது அபூர்வம்தான். ஆனால் வந்தவரின் தவிப்பு பெரிது. ஆபரேஷன் முடிந்து மாதங்கள், வருடங்கள்கூடக் கழித்து, "திடீர்னு புகை மூடின மாதிரி ஆயிடுது டாக்டர்" என்பார். இரண்டு நாளில் தெளிந்துவிடும். தெளிந்தபின் போனால் கண்ணில் ரத்தம் இருக்காது. கண் அழுத்தமும் இயல்பு எல்லையான 21 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கலாம். வெறும் அழற்சி என்று சொட்டுமருந்தோடு அனுப்பிவிடுவதும் உண்டு. அதனால் மங்கலான அன்றைக்கே ஓடிப்போய்க் காட்ட வேண்டும். ஆபரேஷன் சீட்டையும் எடுத்துப்போக வேண்டும். எந்த லென்ஸ், பை கிழிந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

டாக்டர் செய்யவேண்டியதில் முக்கியமானது, பாவையை விரிக்கும் சொட்டு போடுவதற்கு முன்பே பார்ப்பது. இருட்டறையில், ஸ்லிட் லேம்பின் மெல்லிய ஒளியைப் பாவை வழியே நேராக உள்ளே விடுவார். விழித்திரையில் பட்டுத் திரும்பும் செவ்வொளி, நிறம் தேய்ந்த இடத்தில் மட்டும் ஐரிஸைத் துளைத்துக்கொண்டு வரும். சிலசமயம் அந்தச் சிவப்புக் கீற்று, லென்ஸின் கை எப்படி வளைந்திருக்குமோ அப்படியே வளைந்திருக்கும். அடுத்து கோனியோஸ்கோப்பி என்ற பரிசோதனையில் வடிகால் மூலையில் நிறத்துகளும் ரத்தமும் தேடுவார். அல்ட்ராசவுண்ட் பயோமைக்ரோஸ்கோப்பி, ஐரிஸுக்குப் பின்னால் கை எங்கே முட்டுகிறது என்பதைத் திரையில் காட்டும்.

மருந்து அழுத்தத்தைக் கொஞ்சநாள் தாங்கிப்பிடிக்கும். உரசல் ஓயாவிட்டால் அந்தக் கையை நகர்த்த வேண்டும், அல்லது லென்ஸையே எடுத்துவிட்டு, பைக்கு வெளியே வைக்கத் தோதான மெல்லிய கைகள் கொண்ட வேறொன்றைப் பொருத்த வேண்டும்.