மசக்கை: அலட்சியமும் பழியும் எழுதிய ஒரு வரலாறு

திருக்குர்ஆனின் 46ஆம் அத்தியாயமான சூரத்துல் அஹ்காஃபின் 15ஆம் வசனம், தாய் தன் பிள்ளையைச் சுமந்ததன் சிரமத்தையும் பெற்றெடுத்ததன் சிரமத்தையும் தனித்தனியே எடுத்துரைக்கிறது. சூரத்து லுக்மானின் 14ஆம் வசனமோ, சுமக்கும் காலத்தின் பலவீனம் அடுக்கடுக்காய் வளர்வதை நினைவூட்டுகிறது. இவ்வசனங்களை நாம் ஜும்ஆ உரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் தாயின் சிரமம் என்றவுடன் நம் மனம் பிரசவ வலியைத்தான் எண்ணுகிறது. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, ஒரு மிடறு தண்ணீரும் வயிற்றில் தங்காமல் குளியலறைத் தரையில் சுருண்டு கிடக்கும் பெண் நம் எண்ணத்தில் வருவதில்லை.

அப்படி ஒரு பெண் நம் வீட்டிலேயே இருந்தாலும், "நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?" என்ற ஒரே கேள்வியால் அவள் வாயை அடைத்துவிடுகிறோம். கேட்பவர் கெட்டவர் அல்லர். பெரும்பாலும் அவள் மீது உயிரையே வைத்திருக்கும் உம்மாவோ மாமியோதான். அவர்களுக்கு வந்தது சாதாரண மசக்கை. இவளுக்கு வந்திருப்பது நோய். இந்த வேறுபாட்டை உலகம் உணர்ந்துகொள்ள ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

பழைய மருத்துவர்கள் கண்டது

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் மருத்துவம் செய்த எபேசு நகரத்து சொரானஸ் என்ற கிரேக்க மருத்துவர், பெண்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். கருவுற்று நாற்பது நாள் அளவில் குமட்டலும் வாந்தியும் உணவின்மீது வெறுப்பும் தோன்றி, பெரும்பாலும் நான்கு மாதம் வரை நீடிக்கும் என்று அவர் அதில் குறித்தார். இன்றைய மருத்துவ நூல்கள் கூறும் கால அளவும் ஏறக்குறைய இதுவே.

பத்தாம் நூற்றாண்டில் இஸ்லாமிய உலகம் இத்துறையில் தனிக் கவனம் செலுத்தியது. தபரியின் வரலாற்று நூலைத் தொடர்ந்து எழுதியவராக அறியப்படும் குர்துபா நகரத்து அரீப் இப்னு ஸஅத், கருவின் படைப்பு, கர்ப்பிணிகளின் பராமரிப்பு, பிறந்த குழந்தைகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்கென்றே ஒரு நூல் இயற்றினார். எகிப்தில் அஹ்மத் அல்பலதீ என்பவரும் இதே பொருளில் எழுதினார். கர்ப்பிணியின் உடல்நிலை ஒரு தனி நூலுக்குரிய பொருள் என்று நம் முன்னோர் கருதியதே குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில் நாம்தாம் அதனை அடுக்களைப் பேச்சாகச் சுருக்கிவிட்டோம்.

ஹாவொர்த்தில் ஒரு மரணம்

இது உயிரைப் பறிக்கும் நோய் என்பதற்கு வரலாறு காட்டும் சான்றுகளுள் பெயர்பெற்றது, ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிராண்டியின் மரணம். 'ஜேன் அயர்' என்ற நாவலால் 1847இல் புகழடைந்த அவர், 1854 ஜூனில் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கருவுற்றிருந்தபோது இடைவிடாத குமட்டல் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. வந்து பார்த்த மருத்துவர், இது இயல்பான காரணத்தால் வருவதே, சற்றுப் பொறுத்தால் சரியாகிவிடும் என்ற பொருளில் ஆறுதல் கூறியதாக, அவருடைய தோழியும் வரலாற்றாசிரியருமான எலிசபெத் காஸ்கெல் பதிவு செய்திருக்கிறார். பொறுத்திருந்தார், சரியாகவில்லை. 1855 மார்ச் 31 அன்று, தம் 38ஆம் வயதில், வயிற்றுக் குழந்தையோடு அவர் இறந்தார்.

இறப்புச் சான்றிதழில் காசநோய் என்றே எழுதப்பட்டது. காசநோய் அந்தக் குடும்பத்தைச் சூறையாடியிருந்ததால் அது எவருக்கும் வியப்பளிக்கவில்லை. ஆனால் இறுதி வாரங்களின் விவரங்களைப் படித்த பிற்கால ஆய்வாளர் பலர், கடும் கர்ப்பகால வாந்தியே அவர் உயிரைக் குடித்தது என்று கருதுகின்றனர். சான்றிதழில்கூட இந்நோய்க்கு இடமில்லாமல் போனது எத்தனை பெண்களுக்கோ!

பழி சுமத்திய காலம்

அலட்சியத்தைவிடக் கொடியது பழி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உளப்பகுப்பாய்வுக் கொள்கை செல்வாக்குப் பெற்றபோது, கடும் வாந்திக்கு ஒரு புதிய விளக்கம் பிறந்தது. அப்பெண் தன் கணவனையோ கருவையோ உள்ளூர வெறுக்கிறாள். அந்த வெறுப்பையே வாந்தியாக வெளியேற்றுகிறாள் என்றனர். விளக்கத்திற்கேற்பவே சிகிச்சையும் அமைந்தது. நோயாளி தனியறையில் வைக்கப்பட்டாள். உறவினர் பார்க்க அனுமதிக்கப்படவில்லை. வாந்தி எடுக்கும் பாத்திரத்தைக்கூடக் கொடாதிருக்கவும், அழுக்கான விரிப்பை உடனே மாற்றாதிருக்கவும் 1930களில் சில மருத்துவர்கள் செவிலியருக்கு அறிவுறுத்தினர். வெட்கம் வந்தால் வாந்தி நின்றுவிடும் என்பது அவர்களின் எண்ணம்.

இதே காலகட்டத்தில் உண்மையில் உயிர்களைக் காத்தது மிக எளிய ஒன்று: நரம்பின் வழியே செலுத்தப்பட்ட உப்புநீர். உடலிழந்த நீரையும் உப்புகளையும் ஈடுசெய்யும் இம்முறை பரவலானபின், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இந்நோயால் நிகழும் மரணங்கள் பிரிட்டன் போன்ற நாடுகளில் வெகுவாகக் குறைந்தன. மனத்தின் வெறுப்பு உப்புநீரால் தீர்ந்துவிடுமா? தீராது. எனினும் பழிச்சொல் மட்டும் மருத்துவமனைகளை விட்டு எளிதில் அகலவில்லை.

மருந்தைக் கண்டு அஞ்சிய கதை

1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. மருத்துவர் சீட்டே தேவையில்லை, அவ்வளவு பாதுகாப்பானது என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. குமட்டலுக்கும் நல்லது என்று கர்ப்பிணிகள் உட்கொண்டனர். கருவின் கைகால்கள் உருவாகும் அதே வாரங்களில்தான் குமட்டலும் தொடங்குகிறது என்பதே இதிலுள்ள பெருந்துயரம். ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு ஆகிய மருத்துவர்கள் உண்மையைச் சுட்டிக்காட்டிய பின், 1961 நவம்பரில் ஜெர்மனியில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் குறையுள்ள கைகால்களோடு பிறந்திருந்தனர். அமெரிக்காவில் மருந்து ஒழுங்குமுறை அதிகாரி பிரான்சிஸ் கெல்சி, போதிய சான்று இல்லை என்று கூறி அனுமதி மறுத்து நின்றார். ஒரு பெண்ணின் உறுதி ஆயிரக்கணக்கான வீடுகளைக் காத்தது.

இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அது நல்ல மருந்தையும் விட்டுவைக்கவில்லை. டாக்ஸிலமின் என்ற ஒவ்வாமை மருந்தையும் வைட்டமின் பி6ஐயும் உள்ளடக்கிய பெண்டெக்டின் மாத்திரை 1956 முதல் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்பட்டு வந்தது. அதனால் குழந்தைகளுக்குக் குறை ஏற்பட்டது என்று வழக்குகள் குவிந்தன. ஆய்வுகள் அக்குற்றச்சாட்டை உறுதி செய்யவில்லை. எனினும் வழக்குச் செலவைத் தாங்க இயலாமல் 1983இல் நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. அதன்பின் பிறவிக் குறைகள் குறைந்தனவா என்றால், இல்லை. வாந்தியால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் பெண்களின் எண்ணிக்கைதான் கூடியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், அதே இரு மருந்துகளின் கலவைக்கு அமெரிக்க அரசு மீண்டும் அனுமதி அளித்தது. இன்று நம் ஊர் மருத்துவர்களும் மசக்கைக்குப் பரவலாக எழுதித் தருவது இக்கலவையையே.

ஆகவே "கர்ப்ப காலத்தில் எந்த மாத்திரையும் கூடாது" என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்வது பேணுதல் ஆகாது. தானாக வாங்கி உண்பதும் தவறு. மருத்துவர் ஆராய்ந்து தந்ததைத் தடுப்பதும் தவறு.

காரணம் கண்ட பெண்

1999இல் அமெரிக்க மரபியலாளர் மார்லினா ஃபெய்சோ, தம் இரண்டாம் கர்ப்பத்தில் அசையக்கூட முடியாத அளவுக்கு வாந்தியால் வாடினார். கவனத்தை ஈர்ப்பதற்காக அவர் மிகைப்படுத்துகிறார் என்பதே மருத்துவரின் கருத்தாக இருந்தது. 15ஆம் வாரத்தில் அக்கரு கலைந்தது. அத்துயரத்திலிருந்து எழுந்த அவர், தம் வாழ்நாள் ஆய்வையே இந்நோய்க்கு அர்ப்பணித்தார்.

2018இல் அவருடைய குழு வெளியிட்ட மரபணு ஆய்வு, ஜிடிஎஃப்15 என்ற ஒரு புரதத்தைச் சுட்டியது. 2023 டிசம்பரில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓராஹிலி முதலானோருடன் இணைந்து வெளியிட்ட ஆய்வு, காரணத்தை மேலும் தெளிவாக்கியது. இப்புரதம் நம் எல்லோர் உடலிலும் சிறிதளவு உண்டு. கருவுற்றபின் கருவும் நச்சுக்கொடியும் இதனை மிகுதியாகச் சுரந்து தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஏற்பியை அது தொடும்போது குமட்டல் எழுகிறது. கருவுறுவதற்கு முன் இப்புரதம் குறைவாக இருந்த பெண்ணின் உடல் அதற்குப் பழகியிருக்காது. எனவே திடீர்ப் பெருக்கைத் தாங்க இயலாமல் நிலைகுலைகிறது. தலசீமியா என்ற இரத்தக் குறைபாட்டால் இப்புரதத்தை எப்போதும் மிகுதியாகக் கொண்ட பெண்களுக்கு மசக்கை மிகக் குறைவாகவே வருவதும் இதற்குச் சான்றானது.

சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை, கருவின்மீது வெறுப்பும் இல்லை. படைத்தவன் அமைத்த உடலின் இயக்கத்தில் ஒரு சமன்பாட்டுச் சிக்கல், அவ்வளவே.

மார்க்கம் தந்த சலுகை

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் சலுகை உண்டென நபிமொழி அறிவிக்கிறது. நம் தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளும் இதனை ஏற்கின்றன. தன் உடல்நிலைக்கு அஞ்சி நோன்பை விட்டவள் பின்னர் களாச் செய்தால் போதும். குழந்தைக்காக மட்டுமே அஞ்சி விட்டிருந்தால், களாவுடன் ஃபித்யாவும் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. களா மட்டுமே என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. நின்று தொழ இயலாதவள் அமர்ந்து தொழலாம். அதுவும் இயலாதவள் படுத்துத் தொழலாம். வாந்தியால் உளூ முறியுமா என்பதிலும் இரு மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உள்ளதால், தத்தம் ஆலிமிடம் கேட்டு அறிந்துகொள்வது நலம்.

அல்லாஹ் தந்த சலுகையை நாம் குற்ற உணர்வாக மாற்றிவிடலாகாது. ரமளானில் பகல் வேளையில் கஞ்சி குடிக்கும் மருமகள் யாருக்கும் ஒளிந்து குடிக்க வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

நூறு கர்ப்பிணிகளில் எழுபது பேர் வரை குமட்டலை அனுபவிக்கின்றனர். அவர்களுக்கு இஞ்சிச் சாறும், நார்த்தங்காய் ஊறுகாயும், சிறுகச் சிறுக உண்ணும் வழக்கமும் ஓரளவு பயன் தரும். கடும் நோயாக மாறுவது நூற்றில் மூவருக்கும் மிகாது. ஆனால் அந்தச் சிலருக்கு இஞ்சி போதாது. ஒரு நாள் முழுவதும் தண்ணீரும் தங்கவில்லை, சிறுநீர் கறுத்து அருகிவிட்டது, எழுந்தால் தலைசுற்றுகிறது, உடை தளரும் அளவுக்கு எடை இறங்குகிறது, வாந்தியில் இரத்தம் தெரிகிறது என்றால், அது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நேரம். வாரக்கணக்கில் உணவின்றி இருந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்னும் வைட்டமின் பி1 கொடுக்க வேண்டும். தவறினால் மூளை பாதிக்கப்படலாம். ஆதலால் எத்தனை நாளாக உண்ணவில்லை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் கர்ப்பத்தில் வந்தவருக்கு அடுத்ததிலும் வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், முன்கூட்டியே ஆலோசனை பெறுவதும் நன்று.

கணவர்க்கும் ஒரு கடமை உண்டு. தாளிப்பு வாசம் அவளைத் துன்புறுத்தினால் அன்று அடுப்பைத் தாம் பார்த்துக்கொள்ளலாம். இரவில் பாத்திரத்தை ஏந்தி, பின்னர் அதைக் கழுவி வைக்கலாம். ஒரு காலத்தில் மருத்துவர்களே கொடுக்க மறுத்த பாத்திரம் அது. அதை முகம் சுளிக்காமல் நீட்டும் கை, லுக்மான் அத்தியாயத்தின் அவ்வசனத்தைப் புரிந்துகொண்ட கை.

கருவுற்ற நிலையில் இறக்கும் பெண்ணும் ஷஹீதுகளின் அந்தஸ்தைப் பெறுகிறாள் என்பது ஹதீஸ்களில் காணும் செய்தி. அவளுக்கு அவ்வளவு உயர்வைத் தந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், உயிரோடிருக்கும்போது அவள் சொல்வதை நம்பவாவது வேண்டாமா? சுமக்கும் தாய்மார்கள் அனைவருக்கும் அல்லாஹ் இலேசையும் பூரண நலத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.