கும்பினியாரின் வேதமும் கங்கைகொண்டசோழபுரத்துக் கல்லும்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் கிறித்தவம் வேரூன்றியது கிறித்தவ அரசர்களின் துணையால் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பியபோது, அந்த நாடு இந்துக்களான அரியலூர் மழவராயர்களின் பாளையம். கோயிலுக்கு நிலம் விட்டவரும் ஒரு மழவராயரே என்பது ஊர் வழக்கு. பிற இடங்களில் துன்பத்துக்கு ஆளான கிறித்தவர்கள் புகலிடம் தேடி வந்த ஊர் என்பதால் முனிவர் அதைத் திருக்காவலூர் என்று அழைத்தார்.

கிறித்தவர்களின் படைகள் பிறகுதான் வந்தன. 1751 ஜூலையில் வாலிகண்டபுரத்தை ஒட்டி, ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதினர். ஐரோப்பாவில் இவ்விரு நாடுகளும் 1748லேயே சமாதான உடன்படிக்கை செய்துகொண்டிருந்தன. இங்கோ ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவருக்காக, பிரெஞ்சுத் தரப்பு சந்தா சாகிபின் கூலிப்படை போலவும், ஆங்கிலத் தரப்பு முகமது அலியின் கூலிப்படை போலவும் நின்றன. அன்று ஆங்கிலேயர் பின்வாங்கினர். மறு ஆண்டு அதே வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுத் தளபதி தோத்தேய், கிளைவிடம் சரணடைந்தார். 1765இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் உதவியோடு நவாப் முகமது அலி அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களைக் கைப்பற்றினார். இவற்றில் எதிலும் சமயம் பேசப்படவில்லை. பேசப்பட்டது வரியும் வாணிகமும்தான்.

1801இல் கர்நாடக ஆட்சி முழுவதும் கும்பினியார் கைக்கு வந்தபின் நிலைமை விசித்திரமானது. 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டப்படி, கோயில், மசூதி, சத்திரம் முதலியவற்றின் மானியங்கள் சிதறாமலும் கட்டடங்கள் பழுதுபடாமலும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வருவாய் வாரியம் ஏற்றது. கிறித்தவ அதிகாரிகளே கோயில் தர்மகர்த்தாக்கள் போல ஆனார்கள். பாதிரிமார் இதைக் கடுமையாகக் கண்டித்தனர். 1833இல் கும்பினியின் லண்டன் இயக்குநர்கள் இந்தத் தொடர்பை விடச் சொல்லி எழுதியும் சென்னை அரசு அவசரம் காட்டவில்லை. இந்துத் திருவிழாக்களில் படை மரியாதை செய்யும் வழக்கம் தன் மனசாட்சிக்கு ஒவ்வாது என்று, சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் பெரக்ரின் மெய்ட்லண்ட் 1838இல் பதவியையே துறந்தார். சொன்ன விசுவாசத்துக்காகச் சம்பளத்தை விட்டவர் என்று காட்ட, அக்காலத்தில் இவரைப் போன்றவர் அரியர்.

கோயில்களைக் காப்பதாகச் சட்டம் போட்ட அந்த அரசு, உடையார்பாளையம் பகுதியில் செய்தது வேறு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. அதற்கு வேண்டிய கருங்கல்லுக்காக, முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்டசோழபுரம் கோயிலின் மதிலையும் பாழடைந்த கட்டடங்களையும் பெயர்த்தார்கள். தடுக்க முயன்ற ஊர்மக்கள், அரசை அவமதித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். அது நிறைவேறவில்லை என்று 1855இல் எழுதியவரும் ஓர் ஆங்கிலேயரே. அந்தக் குறிப்பு பின்னர் திருச்சிராப்பள்ளி மாவட்ட விவரச் சுவடியிலும் இடம்பெற்றது.

அணையை வகுத்த ஆர்தர் காட்டன் ஊரறிந்த பக்தர். பாசனம் மக்களைப் பஞ்சத்திலிருந்து மீட்கும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர். கீழணையின் தண்ணீர் தஞ்சை, தென்னார்க்காட்டு வயல்களுக்கு இன்றும் பாய்கிறது. எனவே கல்லைப் பெயர்த்ததை வெறும் கொள்ளை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கோயிலை உடைத்தது மதவெறியும் அல்ல; அருகிலேயே செதுக்கிய கல் செலவில்லாமல் கிடைத்தது, அவ்வளவுதான். சிலையை வெறுக்கச் சொன்ன வேதம் அந்தக் கடப்பாரையை ஏவவில்லை. பிறர் பொருளை விரும்பாதே என்ற கட்டளையும் அதைத் தடுக்கவில்லை. அரசு கோயில் நிர்வாகத்திலிருந்து சட்டப்படி விலகியது 1863இல். அப்போதும் மதில் பற்றிய வாக்கு எவருக்கும் நினைவில்லை.