சோத்தேர்ன் இனிப்பு ஒயின்

பிரான்சின் போர்தோ பகுதியிலுள்ள சோத்தேர்னில் தயாராகும் வெள்ளை ஒயினின் இனிப்பு, பூஞ்சை பிடித்த திராட்சையிலிருந்தே வருகிறது. இலையுதிர் காலத்தில் சிரோன் ஆற்றின் குளிர்ந்த நீர், அதைவிட வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும்போது காலையில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் பொட்ரைடிஸ் சினிரியா என்ற பூஞ்சை, மெல்லிய தோலுள்ள செமியோன் திராட்சையில் நுண்துளைகள் இடுகிறது. பிற்பகல் வெயிலில் அவற்றின் வழியே நீர் ஆவியாகிறது. பொன்னிறப் பழம் ஊதா கலந்த பழுப்பாகிச் சுருங்கி, சாம்பல் பூசியதுபோல் தொங்கும். பார்த்தால் தூக்கி எறியத் தோன்றும். உள்ளே இருப்பதோ தேன்போல் கெட்டியான சாறு.

வெயிலில் உலர்த்திய திராட்சையே போதாதா என்று கேட்கலாம். போதாது. உலர்த்தினால் பெரும்பாலும் நீர்தான் குறையும்; பூஞ்சையோ அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்று, கிளிசராலை உண்டாக்கி, தேனும் ஆப்ரிகாட்டும் கலந்த மணத்தைத் தருகிறது. அதற்காக எல்லாப் புகழையும் பூஞ்சைக்கே கொடுப்பதும் தவறு. மழை விடாமல் பெய்தால் இதே பூஞ்சை விளைச்சலை நாசமாக்கும். ஒரு குலையின் பழங்கள் ஒரே நாளில் பக்குவப்படாததால், பறிப்பவர்கள் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து, தேறியவற்றை மட்டும் கிள்ளி எடுக்கிறார்கள். நொதிக்கும்போது ஈஸ்ட் இடையில் ஓய்ந்துவிட, மிஞ்சும் சர்க்கரையே ஒயினின் இனிப்பு. விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் 1855ஆம் ஆண்டின் தரப்பட்டியலில் தனியிடம் பெற்ற ஷாத்தோ திக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஏறத்தாழ ஒரு கோப்பை ஒயினே தேறும். 2012இல் விளைச்சல் தரமாக அமையாததால், அந்த ஆண்டின் ஒயினை அத்தோட்டம் வெளியிடவே இல்லை.