கொழுந்துக் கூடையும் கழிவு இறாத்தலும்

மூங்கிலுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள் என்று அண்மையில் ஒரு நண்பர் கேட்டார். வேய், வேரல், கழை, அமை, வெதிர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். உழவர் உழாமலே பறம்பு மலையில் விளையும் நான்கு உணவுகளைப் புறநானூற்றின் 109ஆம் பாட்டிலே கபிலர் எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் முதலாவது மூங்கில் நெல். முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்கப் போகும் முதுபெண்டிர் நாழியிலே நெல் கொண்டு செல்கிறார்கள். நாழி என்பது உள்ளே துளையுள்ள பொருளுக்கும் பெயர். மூங்கிற் குழாயே நமது பழைய அளவு பாத்திரம் என்று கருத இடமுண்டு.

குறவஞ்சிகளிலே குறத்தியின் இடுப்பில் கூடை இருக்கிறது. அதை முடைந்த கையைத்தான் காணோம். நான் அறிந்த ஒரு கை உண்டு. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டிய என் தாத்தாவின் கை.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. தேயிலைக் கொழுந்து, பறித்த பின்னும் உயிருள்ள பொருள். அது மூச்சு விடும், சூடேறும். காற்றுப் புகாத சாக்கில் அமுக்கி அடைத்தால் ஆலைக்குப் போகுமுன்பே சிவந்து கெட்டுவிடும். ஆகவே இடைவெளி விட்டு முடைந்த கூடை ஒரு தேவையாயிற்று. பிற்காலத்தில் முதுகில் ஏறிய நைலோன் பைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

தாத்தா கூடை முடைந்தது வேலை முடிந்து வந்தபின், லயத்து வாசலில். ஆற்றோரத்து மூங்கிலில் மூன்று வயது முற்றியதைத்தான் தொடுவார். இளசு சுருங்கும், கிழடு முறியும் என்பார். பேராதனைப் பூங்காவிலே பர்மாவிலிருந்து வந்த இராட்சத மூங்கில் நிற்கிறதே, அதைக் கண்டு நான் வியந்தபோது, "அது தண்ணிக் குழாய்க்கு ஆகும், கூடைக்கு ஆகாது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

வெட்டிய கழிகளை ஓடைத் தண்ணீரில் ஊறப் போடுவார். மூங்கிலின் மாப்பொருளைத் தேடித்தான் துளைக்கும் பூச்சி வருகிறது. ஊறினால் அது கரைந்து போகும். அவர் சொன்ன காரணம் வேறு, செய்த காரியம் சரியே. தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, அதனாலேயே பிளாச்சு கிழிப்பார். வெளித்தோலோடு கூடிய பகுதி கூடைக்கு. உட்சோறு அடுப்புக்கு. அடியிலே குறுக்கும் நெடுக்கும் பரப்பி, பெருவிரலால் அமுக்கி, வளைத்து மேலேற்றி, வாய்க்கு மட்டும் பிரம்பு சுற்றுவார். எஞ்சிய துண்டுகளில் சொளகும் கோழிக்கூடும் பிறக்கும்.

நேயர்களே, நான் சொல்ல வந்த விஷயம் கூடையின் பாரம். எங்கள் தோட்டத்திலே கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று ஒரு கழிவு உண்டு. கூடை எத்தனை இறாத்தல் என்று யாரும் தனியே நிறுத்துப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே கழிவு. அந்தக் கழிவிலே முழுப்பேர் அரைப்பேராகிவிடுவதுண்டு. கொழுந்தெடுத்தவர் என் அப்பாயி. தாத்தா என்ன செய்தார் தெரியுமா? பிளாச்சை மேலும் மேலும் சீவினார். வாரத்துக்கு வாரம் கூடை மெலிந்தது. கடைக்காரரின் தராசில் இரவல் வாங்கி நிறுத்து, கழிவுக்கும் குறைவான பாரத்தில் ஒரு கூடை முடைந்து முடித்தார். அன்று அவர் முகத்தில் கண்ட சிரிப்பை நான் பின்னர் கண்டதில்லை.

அப்பாயிக்கு ஒவ்வொரு நிறுவையிலும் சிறிது கொழுந்து மிஞ்சியது. நாலைந்து வீட்டார் அதே மாதிரி கேட்டார்கள். அவர்களுக்கும் முடைந்து கொடுத்தார்; கூலி, ஒரு சுருட்டு. இரண்டு மாதம் நடந்தது. பிறகு மழைக்காலம் வந்தது. "தண்ணிக் கழிவு" என்று இன்னும் இரண்டு இறாத்தல் பிடித்தார்கள். மழை விட்டபின்பும் அது விடவில்லை. தாத்தா மீண்டும் சீவிப் பார்த்தார். அந்தக் கூடை மூன்றாம் நாளே மலையில் பிரிந்து, கொழுந்து சரிவில் கொட்டிற்று. அப்பாயி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பழைய கூடையையே எடுத்துப் போனார்.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தது. எங்கள் வீட்டிலும் அது கோடு கிழித்தது. தாத்தா தங்கினார். அவரிடம் முடையப் பழகிய சின்னத் தாத்தா 1973இல் தலைமன்னாரில் கப்பலேறினார். புறப்படும்போது தாத்தா தம் கவ்வாத்துக் கத்தியை அவருடைய பெட்டியில் வைத்துவிட்டார். அதன்பின் தாத்தா கூடை முடையவில்லை. வேறு கத்தி கிடைக்காமலா? நான் அப்படி நம்பவில்லை.

நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து சின்னத் தாத்தாவின் கடிதம் வந்தது. நானே வாசித்துக் காட்டினேன். மூங்கில் அங்கே காடாகக் கிடக்கிறதாம். தோல் கொஞ்சம் தடிப்பாம், கத்தி நன்றாகப் பேசுகிறதாம். கடைசி வரியில் ஒரு கேள்வி: "அங்கே இப்போது கழிவு எத்தனை இறாத்தல்?"

தாத்தா அந்த வரியை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.