பச்சிளங்குழந்தைகளின் வாய்க் குறைபாடுகள்

பச்சிளங்குழந்தைகளின் வாய்க் குறைபாடுகள் என்பன பிறக்கும்போதோ பிறந்த சில வாரங்களிலோ குழந்தையின் உதடு, ஈறு, அண்ணம், நாக்கு ஆகியவற்றில் காணப்படும் அமைப்பு வேறுபாடுகள் ஆகும். இவற்றுள் பல தீங்கற்றவை, தாமாகவே மறைந்துவிடும். சில, பால் குடித்தலையும் மூச்சு விடுதலையும் பாதிப்பதால் மருத்துவக் கவனிப்பை வேண்டுவன. இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

தாமாக மறைபவை

அண்ணத்தின் நடுக்கோட்டில் காணப்படும் சிறு வெண்ணிறப் புள்ளிகள் எப்ஸ்டீன் முத்துகள் எனப்படுகின்றன. பிராக் நகரக் குழந்தை மருத்துவர் அலாய்ஸ் எப்ஸ்டீன் 1880-இல் இவற்றை விவரித்தார். கருவில் அண்ணத்தின் இரு பாதிகளும் இணையும்போது இடையில் சிக்கிய மேற்தோல் உயிரணுக்களே இவ்வாறு தோன்றுகின்றன. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இவை காணப்படுகின்றன. ஈறுகளில் தோன்றும் இதுபோன்ற புடைப்புகள் போன் கணுக்கள் எனப்படும். இவை பற்கள் அல்ல. சில வாரங்களில் அல்லது மாதங்களில் மறைந்துவிடுவதால், இவற்றைச் சுரண்டவோ குத்தவோ கூடாது.

பிறவிப் பற்கள்

பிறக்கும்போதே இருக்கும் பல் பிறவிப் பல் எனப்படும். பெரும்பாலும் இது கீழ்த்தாடையின் நடு வெட்டுப்பல்லாகும். மிகுதியானவை கூடுதல் பற்கள் அல்ல. முன்னதாகவே முளைத்த பாற்பற்களே. ஆகவே உறுதியாக உள்ள பல்லை விட்டுவைப்பதே வழக்கம். பல் மிகவும் ஆடினால், அது மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும் என்பதால் மருத்துவர் அகற்றுவார். பிறந்த முதல் சில நாட்களில் உயிர்ச்சத்து கே குறைவாக இருக்கும். எனவே வீட்டில் பல்லைப் பிடுங்குவது ஆபத்தான குருதிப்போக்கை உண்டாக்கலாம்.

ஒட்டு நாக்கு

நாக்கின் அடியிலுள்ள இழை குட்டையாகவோ தடித்தோ இருப்பதால் நாக்கின் அசைவு குறைதல் ஒட்டு நாக்கு ஆகும். பால் குடிப்பதில் இடர் இல்லையெனில் சிகிச்சை தேவையில்லை.

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும்

கருவின் மேலுதடு 4 முதல் 7 வாரங்களிலும், அண்ணம் 6 முதல் 9 வாரங்களிலும் இணைந்து உருவாகின்றன. இவ்விணைப்பு முழுமை அடையாதபோது பிளவு உண்டாகிறது. மரபுக்கூறுகள், கருவுற்ற காலத்தில் புகைபிடித்தல், சில வலிப்பு மருந்துகள் ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. தமிழில் உதட்டுப் பிளவு உடையோரைக் 'கிரகண மூளி' என அழைக்கும் வழக்கு இருந்தது. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தாய் செய்த தவறும் அன்று.

உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரியும். அண்ணப் பிளவு அவ்வாறன்று. சில குழந்தைகளில் மெல்லிய சவ்வு மூடியிருக்க, அதன் கீழ்த் தசைகள் மட்டும் பிளவுபட்டிருக்கும். இரண்டாகப் பிரிந்த உள்நாக்கும், மூக்கின் வழியே பால் வருதலும் இதன் அறிகுறிகள். எனவே ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தவுடன் அண்ணத்தை வெளிச்சத்தில் பார்த்தும், விரலால் தடவியும் சோதித்தல் வேண்டும்.

அண்ணப் பிளவு உள்ள குழந்தையால் பாலை உறிஞ்ச இயலாது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடை அல்லது சிறப்புப் புட்டி மூலம் புகட்டலாம். பொதுவாக உதட்டுக்கு 3 முதல் 6 மாதங்களிலும், அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதங்களிலும் அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. நடுச்செவியில் நீர் தேங்கக்கூடும் என்பதால் செவித்திறன் சோதனையும், பின்னர் பேச்சுப் பயிற்சியும் தேவைப்படுகின்றன.