காமாலை என்ற சொல்லுக்குள் அடங்காத நோய்

சென்ற மாதம் இங்கே பெங்களூரில் குருதிக்கொடை அளித்திருந்த முதலாண்டு மாணவர் ஒருவர், பின்னர் தமக்கு வந்த ஆய்வறிக்கையோடு என்னைத் தேடி வந்தார். ஹெபடைடிஸ் பி வைரஸின் புறப்பரப்பு ஆன்டிஜென் அவர் குருதியில் இருப்பதாக அதில் கண்டிருந்தது. "எனக்குக் காமாலை வந்ததே இல்லையே அக்கா" என்றார். மருத்துவம் அறியாத, மொழியியல் மட்டுமே படித்த எனக்கு அந்த வாக்கியமே ஆய்வுப்பொருளாயிற்று.

காமாலை என்பது வடமொழியின் 'காமலா'வோடு உறவுடைய சொல். கன்னடத்திலும் காமாலெதான். கண்ணுக்குத் தெரியும் மஞ்சளையே அது சுட்டுகிறது. 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்ற பழமொழிகூட நிறத்தையே பற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்தாகக் கொள்ளப்பட்ட செடிக்கும் பார்வை தந்த பெயரே வாய்த்தது: இலைக்காம்பின் கீழ்ப்புறம் காய் வரிசையாகத் தொங்குவதால் கீழ்க்காய்நெல்லி, அது மருவிக் கீழாநெல்லி. கன்னடத்தார் தரையோடு சேர்த்து நெலநெல்லி என்றனர்.

கண்ணுக்குத் தெரியாத நோயொன்று உண்டு என்ற அறிவு தற்செயலாக வந்தது. அமெரிக்கரான பரூக் பிளம்பெர்க், மக்களினங்களுக்கிடையே குருதிப் புரதங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்று தேடிக்கொண்டிருந்தவர். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதிநீரில் அவர் கண்ட புதுப் புரதம் 1965இல் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் பெற்றது. அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பிறகே துலங்கியது. 1976இல் நோபெல் பரிசு பெற்ற அவர், பின்னாளில் நம் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் இராமன் பேராசிரியராகவும் இருந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும் பிளம்பெர்க்கும் பிறரும் இணைந்து 1988இல் 'லான்செட்' இதழில் கீழாநெல்லி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். காமாலைக்காரர்களை அவர்கள் ஆராயவில்லை. நோய்க்குறி ஏதுமின்றி வைரஸைச் சுமந்து திரிந்தவர்களையே தேர்ந்தெடுத்தனர். முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜென் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது.

அந்தத் தேர்வின் அருமை விளங்க, உடலின் எதிர்ப்பாற்றலைப் பற்றி அறிய வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் பொதுவாகக் கல்லீரல் செல்லைத் தானே கொல்வதில்லை. கலிபோர்னியாவில் பிரான்சிஸ் சிசாரியின் குழுவினர் வைரஸ் புரதத்தைப் பிறவியிலேயே கல்லீரலில் கொண்ட எலிகளை உருவாக்கினர். அந்தப் புரதத்தை இலக்காகக் கொள்ளும் டி செல்களைச் செலுத்தியபோதுதான் அவற்றின் ஈரல் சிதைந்தது. ஆக, கண்ணில் மஞ்சள் ஏறும்போது பெரும்பாலும் நாம் காண்பது உடல் தன் ஈரலுக்குள்ளேயே நடத்தும் போர். வயதுவந்தோரில் மிகப் பலர் அந்தப் போரில் வென்றுவிடுகின்றனர். 1942இல் மனிதக் குருதிநீர் கலந்த மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசியால் அமெரிக்கப் படைவீரர் ஏறக்குறைய 50,000 பேருக்குக் காமாலை கண்டது. நாற்பதாண்டுகளுக்கு மேல் கழித்து அத்தடுப்பூசி பெற்றோரைச் சோதித்தபோது, வைரஸை இன்னும் சுமந்தவர் அநேகமாக ஒருவருமில்லை.

பிறக்கும்போதே தொற்றுப் பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேரிடம் வைரஸ் தங்கிவிடுகிறது. அவர்களின் எதிர்ப்பாற்றல் அதைப் பகையென்று கொண்டு முழுமூச்சாகத் தாக்குவதில்லை. பின்னாளில் விட்டுவிட்டு நிகழும் அரைகுறைத் தாக்குதலே, பல்லாண்டுகளில் ஈரலைத் தழும்பாக்கிச் சிலருக்குப் புற்றுநோய் வரை கொண்டுசெல்கிறது. இவர்கள் கண் பெரும்பாலும் மஞ்சளிப்பதே இல்லை.

எனவே தானே ஆறக்கூடிய காமாலைக்குக் கீழாநெல்லி பெற்ற நற்பெயரில் உடலின் பங்கு எவ்வளவு, செடியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். தானே எளிதில் ஆறாதவர்களிடம் சோதித்ததாலேயே 1988 ஆய்வை நான் மதிக்கிறேன். பிறநாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அவ்விளைவு கிட்டவில்லை. 2011இல் வெளிவந்த தொகுப்பாய்வும் போதிய சான்றில்லை என்றே கூறிற்று. அதே ஆண்டில் இங்குள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தார், கீழாநெல்லிச் சாறு ஹெபடைடிஸ் சி வைரஸின் பெருக்கத்தை ஆய்வகத்தில் தடுப்பதைக் காட்டினர். ஆய்வகத்தில் வளர்த்த செல் வேறு, மனித உடல் வேறு என்பதை மறவாமல் அதைப் படிக்க வேண்டும். (ஊர்ப்பெருமை பேசும் பகிர்வுகள் 1988ஐ மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்குச் சலிப்பூட்டுகிறது.)

பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி இடவேண்டும் என்பதன் காரணமும் இதுவே: பச்சிளம் உடலுக்குப் பகையை முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடுவது. இந்தியாவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசித் திட்டம் நாடு முழுமைக்கும் விரிந்தது 2011இல்தான். அந்த மாணவர் அதற்கு முன் பிறந்தவர். இப்போது வைரஸின் அளவை அறியும் சோதனைக்குக் குருதி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். அவருடைய தாயாரும் தம்பியும் அடுத்த வாரம் சேலத்தில் பரிசோதனை செய்துகொள்ள இருக்கின்றனர். அவர்களுக்கும் காமாலை வந்ததில்லை.