உலகக் கண்காட்சிப் பதக்கச் சேகரிப்பு

19-ஆம் நூற்றாண்டின் உலகக் கண்காட்சிகளில் பரிசாகவும் நினைவுப் பொருளாகவும் வெளியான பதக்கங்களைத் தேடிச் சேர்ப்பது. நாணயச் சேகரிப்பின் ஒரு கிளை. தென்காசி, குற்றால வட்டாரத்துக்கு இந்த வரலாற்றோடு உள்ள உறவு திருவிதாங்கூர் வழி வந்தது. 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு சேரும்வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதி. குற்றாலம் திருநெல்வேலிச் சீமையில் இருந்தாலும் திருவிதாங்கூர் மகாராஜாக்களுக்கு அங்கே ஓர் அரண்மனை உண்டு.

1851 லண்டன் கண்காட்சியில், திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விக்டோரியா ராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் வைக்கப்பட்டது. அக்டோபரில் நடந்த நிறைவு விழாவில் இளவரசர் ஆல்பர்ட் அதில்தான் அமர்ந்தார். அங்கே தரப்பட்ட பரிசுப் பதக்கம் 77 மி.மீ. குறுக்களவுள்ள வெண்கலம். முன்புறம் ராணி, ஆல்பர்ட் இருவரின் முகங்கள், வில்லியம் வயன் செதுக்கியவை. பின்புறம் அவர் மகன் லெனார்டின் வேலை. வாங்குகிறவர் முதலில் பார்ப்பது முகத்தையல்ல, விளிம்பை. பரிசு பெற்றவர் பெயரும் பிரிவு எண்ணும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். பார்வையாளர்களுக்கு விற்ற மலிவான வெள்ளீயக் கலவைப் பதக்கங்களில் இந்தப் பெயர் இராது.

பாரிஸ் 1867-ல் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்தது. வியன்னா 1873-ல் ஐந்து வகைப் பதக்கம் தந்தது, ஐந்தும் வெண்கலம்.

திருவிதாங்கூரின் ராஜா ரவிவர்மா 1893 சிகாகோ கண்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் அனுப்பினார். அவருக்கு அங்கே தங்கப் பதக்கங்கள் கிடைத்ததாகப் பலரும் எழுதிவருகிறார்கள். சிகாகோவில் தரவரிசையே கிடையாது. எல்லாருக்கும் ஒரே வெண்கலப் பதக்கம்தான். கொலம்பஸ் கரையிறங்கும் காட்சியுள்ள முன்புறம் சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸுடையது. பின்புறத்துக்கு அவர் வரைந்த ஆடையற்ற இளைஞன் உருவம் எதிர்ப்பைக் கிளப்ப, அமெரிக்க நாணயச்சாலையின் சார்லஸ் பார்பர் வேறொன்றைச் செதுக்கினார். சாதுவான, உயிரற்ற வேலை. இந்த இழுபறியில் பதக்கங்கள் 1896-ல்தான் அலுமினியப் பெட்டியில் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று பெட்டியோடு கிடைத்தால் மதிப்பே தனி.

மின்முலாம் முறையில் செய்த போலிகளும் உண்டு. இரு பாதிகளை ஒட்டிய கோடு விளிம்பில் மெல்லிசாகத் தெரியும். பழைய வீடுகளில் கிடைக்கும் பதக்கத்துக்கு வரும் பெரிய கேடு புளி. பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்துத் துலக்கிவிடுவார்கள். நூறாண்டில் படிந்த பழுப்பு நிறம் ஒரே தேய்ப்பில் போய்விடும். சேகரிப்பாளர் தரும் விலையும் அதோடு இறங்கிவிடும்.